யாரும் குறிவைக்காத படை

எங்கள் விளையாட்டுக்குக் 'கணவாய்' என்று பெயர். மேசைமீது விரிக்கும் ஒரு பலகை. அதில் இரண்டு மலைத்தொடர்கள். நடுவே ஒரு கணவாய். அதைக் கைப்பற்றத் துடிக்கும் மூன்று படைகள். இத்தனை சுருக்கமாகச் சொல்லிவிட்டேனே என்று என் கணவர் வருத்தப்படக்கூடும். அவரும் அவருடைய தம்பியும் மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குக் கொடுத்திருக்கிறார்கள்.

என் கணவர் பேருந்துக் கழகத்தில் கால அட்டவணை தயாரிப்பவர். எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று தீர்மானிப்பது அவருடைய வேலை. எதிலும் இன்னும் கொஞ்சம் வெட்டலாம் என்று உறுதியாக நம்புகிறவர். என் கொழுந்தனார் செயற்கைப் பல் செய்யும் கூடமொன்றில் பணிபுரிகிறார். எங்கள் படைவீரர்கள் அனைவரும் அவர் கையால் வார்க்கப்பட்டவர்கள். பல் செய்யும் பிசினிலேயே வார்ப்பதால், வண்ணம் பூசும்வரை மூன்று படைகளும் ஒரே வெண்மையில், யாரோ வாயைத் திறந்து சிரிப்பதுபோல் வரிசையாக நிற்கும். அவருடைய குரல் காரணமாக வீட்டில் அவருக்குப் பீரங்கி என்று பெயர். தொலைபேசியில் அவர் பேசும்போது தொலைபேசி எதற்கு என்று தோன்றும்.

நான் மின்சாதன நிறுவனமொன்றில் பயன்பாட்டுக் கையேடுகள் எழுதுகிறேன். ஈரமான கையால் தொட வேண்டாம், மூடியைத் திறக்கும் முன் இணைப்பைத் துண்டிக்கவும் என்பன போன்ற வாக்கியங்கள் என்னுடையவை. ஆகவே விதிப்புத்தகம் எழுதும் பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்து சேர்ந்தது. மூன்றாவது படையை ஆட வேறு ஆள் கிடைக்காததால் குதிரைப்படையும் என்னிடமே வந்தது.

எங்களை மிக அதிகமாக அலைக்கழித்தது இலக்கு விதிதான். எதிரிப் படையில் யாரைக் குறிவைக்கலாம், யாரைக் குறிவைக்கக் கூடாது என்பதைச் சொல்லும் விதி அது. முதலில், விரும்பியவரைக் குறிவைக்கலாம் என்று எழுதினோம். மறுகணமே எல்லோரும் எல்லோருடைய தளபதியையும் சுட்டார்கள். டீ ஆறுவதற்குள் போர் முடிந்தது. அடுத்து, அருகில் இருப்பவரை மட்டுமே குறிவைக்க வேண்டும் என்று மாற்றினோம். பீரங்கி தம்முடைய தண்ணீர் வண்டியை முன்னால் நிறுத்திக்கொண்டு, அதன் பின்னால் தம் பீரங்கிகளை எல்லாம் பத்திரமாக ஒளித்துவைத்தார். நாங்கள் ஆட்டம் முழுவதும் தண்ணீர் வண்டியையே சுட்டுக்கொண்டிருந்தோம்.

"அந்த வண்டியில என்னதான்டா இருக்கு, இவ்ளோ அடி தாங்குது?" என்று என் கணவர் கேட்டார்.

"தண்ணி அண்ணா. போருக்குத் தண்ணி முக்கியம்."

கடைசியாக நிலைத்த விதி இது. சமவெளியில் நிற்பவர் அருகிலுள்ளவரை மட்டுமே சுடலாம். மேட்டில் நிற்பவர் கண்ணில் படும் எவரையும் தேர்ந்தெடுத்துச் சுடலாம். மேட்டில் ஒற்றன் இருந்தால், அவன் ஒருவரைச் சுட்டிக்காட்டலாம். அவன் காட்டியவரை அந்தச் சுற்றில் எந்தப் படையும் எங்கிருந்தும் குறிவைக்கலாம். இதை ஒரே பத்தியில், யாரும் இன்னொரு முறை படிக்க வேண்டியிராதபடி எழுத எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. பணிவுடன் சொல்கிறேன், அந்தப் பத்தி எனக்குப் பிடித்திருந்தது.

அதைவிடப் பிடித்திருந்தது ஒன்றுண்டு. நான் தோற்றதே இல்லை.

எனக்கு நீந்தத் தெரியாது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு பாதியில் விட்டேன். கூட்டத்தில் பேச வேண்டியிருந்தால் முதல் நாளே தொண்டை கட்டிக்கொள்ளும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில், சாப்பாட்டு மேசையில் விரித்த பலகைமுன் உட்கார்ந்தால், என் குதிரைகள் மலையோரமாகச் சுற்றிவந்து கணவாயின் வாயில் நின்றுவிடும். மற்ற இரண்டு படைகளும் ஒன்றையொன்று நொறுக்கிக்கொண்டிருக்கும்போது நான் ஓசையில்லாமல் உள்ளே போய்விடுவேன். "உன் மூளை எங்களுக்கு இல்லம்மா" என்று என் கணவர் தலையை ஆட்டுவார். அலுவலகத்தில் யாராவது என் குரலை அமுக்கிப் பேசினால், இவருக்கு என் குதிரைகளைப் பற்றித் தெரியாது என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

நான் ஓயாமல் வென்றதால் என் படையை மெலியவைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வீரனுக்கும் எத்தனை அடிவரை தாங்குவான் என்று ஓர் எண் உண்டு. என் குதிரைவீரர்கள் நான்கு அடி தாங்குபவர்களாகப் பிறந்தார்கள். "கொஞ்சம் வெட்டலாம்னு பாக்கறேன்" என்று என் கணவர் சொன்னபோது, "தாராளமா வெட்டுங்க" என்று நானே சொன்னேன். வென்றவர் காட்டும் பெருந்தன்மை அது. மூன்றானது. அப்போதும் வென்றேன். இரண்டானது. அப்போதும் வென்றேன். அச்சுக்குப் போகும் விதிப்புத்தகத்தில், குதிரைவீரன் தாங்கும் அடி இரண்டு என்று என் கையாலேயே தட்டச்சு செய்தேன்.

பெட்டி விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனமொன்று எங்களை வரச்சொன்னது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. விளையாட்டை முன்பின் அறியாத மூன்று பேர், விதிப்புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு ஆடுவார்கள். உருவாக்கியவர்கள் அதே அறையில் சுவரோரமாக உட்கார்ந்து பார்க்கலாம்; ஆனால் வாய் திறக்கக் கூடாது. விதிப்புத்தகம் தானே பேச வேண்டும் என்பது அந்த நிறுவனத் தலைவியின் கொள்கை. எனக்கு அது மிகவும் வசதியான ஏற்பாடு. பீரங்கிக்குத்தான் தண்டனை. அவர் கைக்குட்டையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மேசையைச் சுற்றி மொட்டைத் தலைக்காரர் ஒருவர், கண்ணாடி அணிந்த மாணவர் ஒருவர், பச்சைச் சட்டை அணிந்த பெண் ஒருவர். சீட்டுக் குலுக்கியதில் குதிரைப்படை பச்சைச் சட்டைக்கு விழுந்தது. எனக்குக் காரணமின்றி மகிழ்ச்சி பொங்கியது. அவர் என் விதிகளைப் படித்தார். யாரும் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. இலக்கு விதியைப் படித்துவிட்டு மாணவர், "ஓ, மேட்டுல ஏறினா யாரை வேணா அடிக்கலாம்" என்று ஒரே மூச்சில் புரிந்துகொண்டார். என் கணவர் என் கையை மெல்ல அழுத்தினார்.

அதற்குப் பிறகு மாணவர் கேட்டார்: "இந்தக் குதிரைக்காரங்க ரெண்டு அடிதான் தாங்குவாங்களா?"

"ரெண்டே ரெண்டு" என்றார் மொட்டைத் தலைக்காரர்.

"அப்போ முதல்ல இவங்கள வழியனுப்பிடுவோம். அப்புறம் நாம நிம்மதியா சண்ட போடலாம்."

"நானும் இங்கதான் உக்காந்திருக்கேன். எனக்குக் காது கேக்குது" என்றார் பச்சைச் சட்டை.

"தப்பா எடுத்துக்காதீங்க. போர்னா அப்படித்தான்."

அப்படித்தான் நடந்தது. மாணவரின் ஒற்றன் மேட்டில் ஏறிக் குதிரைத் தளபதியைச் சுட்டிக்காட்டினான். இரண்டு படைகளும் சேர்ந்து சுட்டன. அடுத்த சுற்றில் எஞ்சியவர்களைச் சுட்டன. மலையோரமாகச் சுற்றி வரும் அந்தப் பாதை, நான் எப்போதும் செல்லும் பாதை, மேட்டிலிருந்து பார்ப்பவருக்குத் திறந்து கிடக்கும் முற்றம்போல் இருந்தது. பச்சைச் சட்டை அணிந்த பெண் விழுந்த குதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். பிறகு தம் கைபேசியை எடுத்துக்கொண்டார். மற்ற இருவரும் வெகுநேரம் ஆடினார்கள். பீரங்கியின் கைக்குட்டை முழுவதும் வாய்க்குள் போயிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் நிறுவனத் தலைவி எங்களை அருகே அழைத்தார். தாழ்ந்த குரலில் பேசுபவர்.

"எழுத்து ரொம்பத் தெளிவா இருக்கு. இது அபூர்வம். ஆனா ஒருத்தர் ஆரம்பத்துலயே வெளிய போயிட்டு மீதி நேரம் பூரா சும்மா உக்காந்திருக்கணும்னா அந்தப் பெட்டிய நான் விக்க முடியாது." சற்று நிறுத்திக் கேட்டார்: "வீட்ல பல தடவ ஆடிப் பாத்ததா எழுதியிருந்தீங்க. குதிரைப்படைய யார் ஆடுவாங்க?"

பீரங்கி கைக்குட்டையைப் பிடுங்கினார். "அண்ணிதாங்க! ஒரு தடவகூடத் தோத்தது கிடையாது!"

தலைவி என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார்; பிறகு கொழுந்தனாரை. "ஓ" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் எழுத்தில் அவர் எங்கள் சாப்பாட்டு மேசையை முழுவதும் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

"அடுத்த மாசம் கொண்டு வாங்க. அதுக்கு முன்னால ஒரு தடவ உண்மையா ஆடிப் பாத்துட்டு வாங்க."

திரும்பும்போது பேருந்தில் மூவரும் ஒரே இருக்கை வரிசையில் உட்கார்ந்தோம். என் கணவர் வழக்கம்போல் நிறுத்தங்களில் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அவங்களுக்கு ஆடத் தெரியல அண்ணி" என்றார் பீரங்கி. பேருந்தே திரும்பிப் பார்த்தது. "உங்கள மாதிரி சுத்தி வரணும். நேரா போய் நின்னா சுடத்தான் செய்வான்."

"அவங்களும் சுத்தித்தான் வந்தாங்க தம்பி" என்றேன். பிறகு, மிகுந்த தயக்கத்துடன், "நீங்க எப்பவாவது என் தளபதியக் குறி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"வெச்சிருப்பேனே... வெச்சிருக்கணுமே." அவர் சன்னலைப் பார்த்தார். "தூரமா இருந்திருக்கும் அண்ணி."

"நீங்க?" என்று என் கணவரைக் கேட்டேன்.

"அதெல்லாம் ஞாபகம் வெச்சுக்கற விஷயமா?" என்றார், நாற்பது பேருந்துகளின் புறப்பாட்டு நேரத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மனிதர்.

பழுதான கருவி திரும்பி வந்தால், எங்கள் அலுவலகத்தில் அதன் கையேட்டை முதல் வரியிலிருந்து படிப்போம். நானும் அன்று ஒவ்வோர் ஆட்டமாக மனதில் திருப்பிப் பார்த்தேன். என் தளபதி மறைவின்றி முகட்டில் நின்ற மாலைகள் நினைவுக்கு வந்தன. பீரங்கியின் துப்பாக்கிக்காரர்கள் அவனைத் தாண்டி, அவனைவிடத் தொலைவில் இருந்த எதையோ சுட்டது நினைவுக்கு வந்தது. அப்போதெல்லாம் அவனை எவ்வளவு சாமர்த்தியமாக நிறுத்தியிருக்கிறேன் என்று நான் எண்ணியிருந்தேன். என்னைச் சுடாமல் விட்டதால் வென்றேன். வென்றதால் என் படையை வெட்டினார்கள். வெட்டிய பிறகும் சுடாமல் விட்டார்கள். தொட்டால் உடையும் பாத்திரத்தை, தொடாமலே வைத்திருந்து, இது உறுதியான பாத்திரம் என்று கையேட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

விளையாட்டைச் சரிசெய்துவிடலாம், எண்ணைக் கூட்டினால் போயிற்று. எனக்குத் தெரிய வேண்டியது வேறொன்று. எனக்கு ஆடத் தெரியுமா, தெரியாதா? மூன்று ஆண்டுகளாக நான் அந்த மேசையில் ஆடினேனா, அல்லது உட்காரவைக்கப்பட்டிருந்தேனா?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பலகையை விரித்ததும் சொன்னேன்: "இன்னைக்குப் படைய மாத்திக்கலாமா? தப்பா நினைக்க வேண்டாம். நான் கோட்டைப்படைய எடுத்துக்கறேன். நீங்க குதிரைய எடுத்துக்கோங்க."

கோட்டைப்படை என் கணவருடையது. கனத்த கவசம், மெதுவான நடை. எப்போதும் முதல் அடி அதற்குத்தான் விழும். என் கணவர் மறுப்பின்றிக் குதிரைகளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆட்டம் தொடங்கியது. பீரங்கி முதல் சுற்றில் குதிரைத் தளபதியைச் சுட்டார். இரண்டாவது சுற்றில் குதிரை ஒற்றனைச் சுட்டார். என் கணவர் பதிலுக்குப் பீரங்கியின் தண்ணீர் வண்டியைச் சுட்டார். என் கோட்டைவீரர்கள் சமவெளி நடுவே, யாராலும் கண்டுகொள்ளப்படாமல், திருமணத்துக்கு அழைக்கப்படாமல் வந்துவிட்டவர்கள்போல் நின்றார்கள். மூன்றாவது சுற்றில் என் கணவரின் குதிரைகள் பலகையைவிட்டு மறைந்தன.

படை மாறிவிட்டது, குறிவைக்கப்படாத இடம் மாறவில்லை. அது என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

"இன்னொரு ஆட்டம்" என்றேன். "பழையபடியே அவரவர் படை. குதிரைக்குப் பழைய நாலு அடி. ஒரே ஒரு வேண்டுகோள். பகடை உருட்டறதுக்கு முன்னால, யாரைக் குறி வைக்கறோம், ஏன் வைக்கறோம்னு ரெண்டு வார்த்த சொல்லிடணும்."

"எதுக்கு அண்ணி?"

"விதிப்புத்தகத்துக்கு உதவியா இருக்கும்."

முதல் சுற்றில் பெரிய சிக்கலில்லை. எல்லோரும் தொலைவில் இருந்தோம். இரண்டாவது சுற்றில் நான் வேண்டுமென்றே என் தளபதியை என் கணவரின் படைக்கு நேர் முன்னால், கூழாங்கல் எறியும் தொலைவில் கொண்டுபோய் நிறுத்தினேன். சமவெளி விதிப்படி அருகிலுள்ளவர் அவன்தான். வேறு எவரையும் அவர் சுட முடியாது.

அவர் பலகையையே பார்த்தார். "நான் இந்தச் சுத்துல சுடல."

"ஏன்னு சொல்லணும்."

"காத்து எதிர்ல அடிக்குது."

"நம்ம விளையாட்டுல காத்தே இல்லைங்க. இருந்தா நான்தானே எழுதியிருப்பேன்?"

பீரங்கி சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. உங்க மேட்டுலேர்ந்து என் ஆளுங்க எல்லாரும் தெரியறாங்க. ஏன் அண்ணனோட கதவுக் காவலாளியப் போய்ச் சுட்டீங்க?"

"அவன் மூஞ்சி எனக்குப் பிடிக்கல அண்ணி."

"அவன வார்த்ததே நீங்கதானே?"

"அதான். மூக்கு சரியா வரல."

நான் கோபப்பட்டேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. குரலை உயர்த்தவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "என்னை ஏன் யாரும் அடிக்கறதில்ல? அதை மட்டும் சொல்லிடுங்க" என்றேன்.

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்தான் பேசினார்.

"முதமுதல்ல நாம ஆடினோமே, ஞாபகம் இருக்கா? நான் உன்னோட கொடிக்காரன அடிச்சேன். நீ பரவாயில்லன்னு சொல்லிட்டு எழுந்து உள்ள போயிட்ட. ரொம்ப நேரம் வரவே இல்ல. வந்தப்போ கண்ணு செவந்திருந்துச்சு."

"ஆமா அண்ணி" என்றார் பீரங்கி, அவரால் இயன்ற மெல்லிய குரலில். "அப்புறம் நாங்க ஒண்ணும் பேசிக்கல. தானா அப்படி ஆயிடுச்சு."

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த நாள் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. "வெங்காயம் நறுக்கியிருப்பேன்" என்றேன்.

"வெங்காயமா?"

"சாயங்காலம் வேற எதுக்கு உள்ள போயிருப்பேன்?"

பீரங்கி மேசையில் ஓங்கித் தட்டினார். மலைகள் அதிர்ந்தன, அவருடைய ஒற்றன் மேட்டிலிருந்து உருண்டான். "மூணு வருஷம் அண்ணா! மூணு வருஷமா ஒரு வெங்காயத்துக்குப் பயந்து நான் போர் பண்ணிட்டிருக்கேன்! இவங்கள விட்டுட்டு உன்கிட்டயே அடி வாங்கி அடி வாங்கி..."

"நீ என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"நீ கேட்டிருக்கலாம்ல? உன் வீட்டம்மா!"

அவர்கள் சண்டையிடட்டும் என்று விட்டுவிட்டேன். வெங்காயம்தானா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. அழுதிருக்கவும் கூடும். அந்த நாட்களில் அந்த வீட்டுக்கு நான் புதியவள். பிசினால் ஆன ஒரு கொடிக்காரன் விழுந்ததற்கு அழுதிருக்க மாட்டேன் என்று அடித்துச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் அழுதிருந்தாலும், யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்குப் பதிலாக என்னை இலக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்பு என்றுதான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும். வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் அந்த அன்பு என் எண்ணை நான்கிலிருந்து இரண்டுக்கு இறக்கியிருந்தது.

"சரி, இனிமே அடிக்கறோம்" என்று என் கணவர் உறுதியளித்தார். பீரங்கியும் தலையில் கைவைத்து உறுதியளித்தார்.

அடுத்த சுற்றில் என் கணவர் தொலைவு அளக்கும் அளவுகோலை எடுத்தார். என் தளபதியை நோக்கிக் கொண்டுவந்தார். கை நடுவழியில் தானாகத் திரும்பியது. மேட்டில் நின்ற தம்முடைய வில்லாளியைக் கொண்டு தம்பியின் துப்பாக்கிக்காரனைக் குறிவைத்தார். காரணம் சொல்வதற்குப் பதில், கையைப் பார்த்துக்கொண்டார். அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பழகிய கை அது. மறந்துபோய்ப் பழைய அலுவலகத்துக்கே நடக்கும் கால்களைப்போல.

உறுதிமொழியால் ஆகாது, விதிதான் வேண்டும் என்று அப்போது தோன்றியது. கையேட்டில் நாங்கள் எவரையும் நம்பி எழுதுவதில்லை. மூடியைத் திறந்தால் கருவி நிற்கும்படி செய்துவிட்டு, பிறகுதான் திறக்காதீர்கள் என்று எழுதுவோம். விதிப்புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் எழுதி அவர்கள் முன் திருப்பி வைத்தேன்.

ஒரு சுற்றில் எந்த எதிரியும் குறிவைக்காத படை, அடுத்த சுற்றில் இரு மடங்கு நகரும்.

என் கணவர் அதைப் படித்தார். வெட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடியது அவர் கண்ணில் தெரிந்தது. "இது ரொம்ப அதிகம்மா. ஒரு சுத்து விட்டா நீ பாதி தூரம் போயிடுவ."

"விடாம இருந்தா போக மாட்டேன்."

"அண்ணா, இதுல ஏதோ விவகாரம் இருக்கு" என்றார் பீரங்கி.

"விவகாரம் இல்ல தம்பி. யாரையாவது பாவம்னு விட்டு வெச்சா அதுக்கு ஒரு விலை இருக்கணும். இத அந்தப் பச்சைச் சட்டைக்காரம்மா கையில கொடுத்தாலும் பொருந்தும். எல்லாரும் அவங்களையே சுட்டா, அந்தச் சுத்துல யாரும் குறி வைக்காத மத்தவன் இரு மடங்கு ஓடுவான். யோசிச்சுத்தான் முடிக்கணும்."

பீரங்கி அந்த வரியை உரக்கப் படித்தார். பிறகு என் கணவர், "ஆடிப் பாக்கலாம்" என்றார்.

அந்தச் சுற்றில் என்னை யாரும் குறிவைத்திருக்கவில்லை. ஆகவே என் குதிரைகள் இரு மடங்கு நகர்ந்தன. மலையோரப் பாதையில் பாதியைக் கடந்தன. அடுத்த சுற்றில் பீரங்கி பகடையைக் கையில் வைத்து உருட்டி உருட்டி யோசித்தார். மனம் வராமல், அண்ணனின் மதிலையே சுட்டார். காரணம், "இன்னும் ஒரே ஒரு தடவ அண்ணி" என்றார். என் கணவரும் சுடவில்லை. மறுபடியும் இரு மடங்கு. இப்போது என் தளபதி கணவாயின் வாயில் நின்றான். இன்னும் ஒரு நகர்வில் ஆட்டம் என்னுடையது.

எனக்கு வெல்ல விருப்பமில்லை. அதைவிடச் சரியாகச் சொன்னால், அப்படி வெல்ல விருப்பமில்லை. ஆனால் விதியை எழுதியவளே விட்டுக்கொடுத்தால், நானும் அவர்கள் செய்ததையே செய்தவளாவேன். ஆகவே கையை எடுக்காமல், முழுமனதோடு, வெல்வதற்காகவே நின்றேன். துணைக்கு இரண்டு குதிரைவீரர்களை இருபுறமும் நிறுத்தினேன். மேட்டிலிருந்து மட்டுமே அவனைப் பார்க்க முடியும்.

என் கணவர் வெகுநேரம் பலகையைப் பார்த்தார். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு விநாடியை வெட்ட முடியுமா என்று பார்க்கும் அதே பார்வை. ஆனால் முதல் முறையாக அந்தப் பார்வை என்மேல் விழுந்தது. கூச்சமாகவும் இருந்தது; நன்றாகவும் இருந்தது. என்னைத் தடுக்க வேண்டிய ஒருத்தியாக அவர் பார்த்தார். தம்முடைய ஒற்றனை எடுத்து, மெதுவாக மேட்டின் உச்சிக்கு ஏற்றினார்.

"காரணம்?" என்று கேட்டேன்.

"உன் தளபதி. சுட்டிக் காட்டறேன்." "காரணம், விட்டா நீ ஜெயிச்சிடுவ."

அதுவரை யாரும் எனக்கு அப்படியொரு பாராட்டைச் சொன்னதில்லை. மூளை இருக்கிறது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இது வேறு.

ஒற்றன் காட்டியவரை இரண்டு படைகளும் சுடலாம். என் கணவர் உருட்டினார்: இரண்டு அடி. நான்கில் இரண்டு போயிற்று. பீரங்கி தம்முடைய பகடையை எடுத்தார். "அண்ணி, நான் சுட்டா முடிஞ்சுடும்."

"முடியணுமா இல்லையான்னு பகடைதான் சொல்லணும்."

உருட்டினார். தேவைப்பட்டது இரண்டு, விழுந்தது மூன்று. என் தளபதி சாய்ந்தான். நானே அவனை எடுத்துப் பலகைக்கு வெளியே படுக்கவைத்தேன். எங்கோ ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர்கள் இருவரும் பலகையைப் பார்க்கவில்லை. என் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பல் அளவு பிசின்தான். ஆனாலும் நெஞ்சில் ஏதோ ஒன்று சட்டென்று இடம் மாறியது. கூடவே மூளை, எனக்கு முன்னாலேயே, வேலை செய்யத் தொடங்கியிருந்தது. தளபதி விழுந்தாலும் எஞ்சியவர்களைக் கொண்டு ஆடலாம். ஒற்றன் மேட்டில் தனியாக நிற்கிறான். அவனுக்குக் காவல் இல்லை. எஞ்சிய குதிரைவீரன் ஒருவன் பின்பக்கமாகச் சுற்றினால் அவனைத் தொடலாம். வழி அகலமாக இல்லை. ஆனால் வழி இருக்கிறது. யாரும் எனக்கு விட்டுக்கொடுத்த வழி அல்ல அது.

"போதும், மீதிய நாளைக்குப் பாக்கலாம்" என்று என் கணவர் பலகையின் ஓரத்தைப் பிடித்தார், மடிப்பதற்கு.

"கைய எடுங்க" என்றேன். நான்கு ஆண்டு மணவாழ்வில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. "தம்பிக்கு இன்னொரு துப்பாக்கிக்காரன் பாக்கி இருக்கான். அவன் இன்னும் சுடல."

பீரங்கி பகடையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். "அண்ணி... அழ மாட்டீங்களே?"

"அழுதா அழுதுகிட்டே ஆடறேன் தம்பி" என்றேன். "யாரு, ஏன்னு சொல்லிட்டு உருட்டுங்க."